என் சாட்சியைக் கேட்ட பக்கத்து வீட்டு அக்கா எழுந்து போய்விட்டார்

வாசகர் கேள்வி:

நான் திருநெல்வேலி அருகே ஒரு தனியார் மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்க்கிறேன். வயது 34. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். இரண்டு வருடங்களுக்கு முன் என் ஆறு வயது மகன் டெங்குக் காய்ச்சலில் ஐ.சி.யு.வில் இருந்தான். பிளேட்லெட் 18,000-க்கு இறங்கிவிட்டது. “நாளைக் காலை வரை பார்ப்போம்” என்று டாக்டர் சொன்ன அந்த இரவில், வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து ஜெபித்தபோது யாரோ என் தோளில் கை வைத்ததுபோல் இருந்தது. பயம் போய்விட்டது. மகனும் பிழைத்தான். “டாக்டர்கள் கைவிட்ட பிள்ளையை இயேசு வந்து நின்று பிழைக்க வைத்தார்” என்று சபையிலும், வார்டில் நோயாளிகளிடமும், தெருவிலும் சாட்சி சொல்லி வருகிறேன்.

போன மாதம் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன். அவர்கள் இந்துக் குடும்பம். நான்கு வருடங்களுக்கு முன் அவர்களுடைய மகன் காய்ச்சலில் இறந்தது எனக்குத் தெரியும். ஆனால் பேசும்போது அது நினைவில் இல்லை. “அப்போ நான் அழுதது உங்க சாமிக்குக் கேக்கலையா?” என்று கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்கள். அன்றிலிருந்து பேச்சில்லை. அடுத்த மாதம் அந்தப் பையனின் நினைவு நாள் வருகிறது. சட்டப் பிரச்சினை வரும், இதையெல்லாம் நிறுத்து என்கிறார் என் கணவர். சொல்லாமல் விட்டால் அவர்களுடைய இரத்தப்பழி உன் கையில் கேட்கப்படும் என்கிறார் எங்கள் ஜெபக்குழுத் தலைவி. நான் செய்தது தவறா? இனி வாயே திறக்கக் கூடாதா?

பதில் தருபவர்: மருத்துவமனைகளில் 22 ஆண்டுகள் ஆற்றுப்படுத்தும் பணி செய்த சி.எஸ்.ஐ. குருவானவர்.

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரிக்கு,

நீங்கள் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதைக் கேட்டவர் அந்த அக்கா. அதற்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

“அப்போ நான் அழுதது உங்க சாமிக்குக் கேக்கலையா?” என்று அவர் கேட்டதை எதிர்வாதமாக நீங்கள் எடுத்துக்கொள்ளவில்லை என்பது உங்கள் எழுத்திலேயே தெரிகிறது, அதற்காக நன்றி. கடவுள் என் பிள்ளையைக் காப்பாற்றினார் என்று நாம் சொல்லும்போது, பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயின் காதில் அந்த வாக்கியம் பாதியில் நிற்பதில்லை. உன் பிள்ளையை அவர் காப்பாற்றவில்லை என்கிற மறுபாதியையும் அவரே சேர்த்துக் கேட்டுக்கொள்கிறார். அந்த மறுபாதியை நீங்கள் நினைக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. ஆனாலும் அவர் வீட்டுத் திண்ணையில் அன்று அது சொல்லப்பட்டுவிட்டது.

இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன். மருத்துவமனைப் பணிக்கு வந்த இரண்டாம் ஆண்டில், இரு சிறுநீரகங்களும் செயலிழந்திருந்த ஓர் இளைஞனின் கட்டிலருகே நின்று, அதே வார்டிலிருந்து முந்தைய வாரம் நலமாகி வீடு திரும்பிய ஒருவரைப் பற்றி மிகுந்த உற்சாகத்துடன் பேசினேன். அவனுடைய தகப்பனார் என்னை வெளியே அழைத்துப்போய், இரண்டு கைகளையும் கூப்பி, “ஐயா, நாளைக்கும் வாங்க. ஆனா அந்தக் கதைய மட்டும் இவன்கிட்ட இன்னொரு தடவை சொல்லாதீங்க” என்றார். மறுநாள் போய் ஒரு மணி நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பையன் என் ஊரைப் பற்றிக் கேட்டான். எங்கள் ஊர்க் குளத்தைப் பற்றிச் சொன்னேன். மூன்றாம் நாள் அவனாகவே ஜெபிக்கச் சொன்னான். முதல் நாள் நான் வாய்நிறையப் பேசியபோது அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்ததை அதற்குப் பிறகுதான் நினைத்துப் பார்த்தேன்.

அக்காவின் கேள்விக்குப் பதில் என்ன என்று நீங்கள் என்னைக் கேட்டால், அதை விளக்கிச் சொல்லக்கூடிய பதில் என்னிடம் இல்லை என்பதே என் பதில். வேதாகமத்திலும் அதற்கு எளிதான பதில் இல்லை. அப்போஸ்தலர் நடபடிகள் 12-ஆம் அதிகாரத்தை எடுத்து மறுபடியும் மெதுவாக வாசியுங்கள். சிறையிலிருந்த பேதுருவைத் தேவதூதன் வந்து விடுவித்ததையும், அவர் கதவைத் தட்டியபோது ரோதை என்னும் பெண் சந்தோஷத்தில் கதவைத் திறக்கவே மறந்து உள்ளே ஓடியதையும் நாம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆசையாகச் சொல்கிறோம். அதே அதிகாரத்தின் இரண்டாம் வசனம், யோவானின் சகோதரனாகிய யாக்கோபை ஏரோது பட்டயத்தால் கொன்றான் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறது. பேதுருவை விடுவித்த தேவன் யாக்கோபை ஏன் விடுவிக்கவில்லை என்று அந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா சொல்லவில்லை. யாக்கோபின் விசுவாசம் குறைவாக இருந்தது என்றும் எழுதவில்லை. பேதுரு வெளியே வந்த இரவில் யாக்கோபின் வீட்டார் எப்படித் தூங்கியிருப்பார்கள் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. நம் சபைகளில் பேதுருவின் வீட்டாருக்கு ஒலிபெருக்கி கிடைக்கிறது, யாக்கோபின் வீட்டார் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே நீங்கள் செய்தது தவறா என்றால், சாட்சி சொன்னது தவறல்ல. யாரிடம் சொல்கிறோம் என்று பார்க்காமல் சொன்னதே தவறு. அவருடைய மகனின் மரணம் பேசும்போது உங்கள் நினைவில் இல்லை என்று மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் நடந்த அந்தச் சாவு உங்கள் நினைவில் இல்லாமல் போனதற்குக் காரணம் நீங்கள் கல்நெஞ்சுக்காரர் என்பதல்ல. பலமுறை சொல்லிப் பழகிய சாட்சி, ஆளைப் பார்க்காமலே தானாக நாவில் வரத் தொடங்கியிருந்ததுதான்.

இதைச் சொல்ல எனக்குக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நடந்ததை எனக்கு எழுதும்போது, டாக்டர் “நாளைக் காலை வரை பார்ப்போம்” என்றார், யாரோ தோளில் கை வைத்ததுபோல் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். சபையில் சொல்லும் சாட்சியிலோ, டாக்டர்கள் கைவிட்டுவிடுகிறார்கள், இயேசு வந்து நிற்கிறார். இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தைக் கவனியுங்கள். நீங்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. நம் கன்வென்ஷன் (நற்செய்திக் கூட்ட) மேடைகளில் சாட்சிகளுக்கு ஒரு வார்ப்பு இருக்கிறது. அதில் மருத்துவர் கைவிரித்தே ஆகவேண்டும், அதன் பிறகே ஆண்டவர் வரவேண்டும். உங்கள் அனுபவமும் சொல்லச் சொல்ல அந்த வார்ப்புக்குள் போய் விழுந்துவிட்டது. ஆனால் நீங்கள் செவிலியர். டெங்குவில் காய்ச்சல் தணிகிற நேரத்தில்தான் ஆபத்தான 24 முதல் 48 மணி நேரம் தொடங்குகிறது என்பதும், இரத்த நாளங்களிலிருந்து நீர் கசிகிற அந்தக் கட்டத்தில் டிரிப்ஸின் அளவை மணிக்கு மணி பார்த்துக் கூட்டிக் குறைப்பதே பெரும் வைத்தியம் என்பதும், அந்தக் கட்டத்தைக் கடந்தவர்களுக்குப் பிளேட்லெட் பெரும்பாலும் தானாகவே ஏறத் தொடங்கும் என்பதும் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். “நாளைக் காலை வரை பார்ப்போம்” என்று சொன்னவர் கைவிட்டவர் அல்லர், விழித்திருக்கப் போகிறவர். அந்த இரவில் உங்கள் மகனின் கட்டிலருகே டிரிப்ஸ் பார்த்துக்கொண்டு நின்ற செவிலியர், உங்களைப் போலவே வீட்டில் தன் பிள்ளையைத் தூங்கவிட்டு வந்த ஒரு பெண்ணாகக்கூட இருந்திருக்கலாம். உங்கள் சாட்சியில் அவருக்கு இடமே இல்லாமல் போனது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கர்த்தர் அவருடைய கையைக்கொண்டு செய்திருந்தால் மகிமை ஒன்றும் குறைந்துவிடாது.

தோளில் பட்ட அந்தக் கையைப் பற்றி நான் மிகவும் மரியாதையுடன் பேச விரும்புகிறேன். அது மன அழுத்தத்தில் தோன்றிய பிரமையா என்று ஆராய்ந்து சொல்வது என் வேலையல்ல. உங்கள் பயம் போனது உண்மை, அது உங்களுக்குக் கொடுக்கப்பட்டது. ஆனால் இப்படிப்பட்ட அனுபவத்தைப் பரிசுத்தவான்கள் எவ்வளவு அடக்கமாகக் கையாண்டார்கள் என்று பாருங்கள். மூன்றாம் வானம்வரை எடுக்கப்பட்ட அனுபவத்தைப் பவுல் பதினாலு வருடங்களுக்குப் பிறகே கொரிந்து சபைக்கு எழுதுகிறார். அதையும் ‘ஒரு மனுஷனை அறிவேன்’ என்று யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல எழுதுகிறார். சரீரத்திலிருந்தானோ, சரீரத்திற்குப் புறம்பேயிருந்தானோ, தெரியாது என்று இரண்டு முறை ஒப்புக்கொள்கிறார். அதே மூச்சில், நீக்கும்படி மூன்று முறை வேண்டியும் நீங்காமல் தம் சரீரத்தில் முள்ளாய்த் தைத்த வேதனையைப் பற்றியும் சொல்லிவிடுகிறார். கிடைத்ததையும் கிடைக்காததையும் அவர் சேர்த்தே சொன்னதால்தான், முள்ளோடு வாழ்கிறவர்களும் இன்றுவரை அந்த அதிகாரத்தை ஆறுதலுக்காகத் திறக்கிறார்கள்.

எனவே ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் அந்த இரவைத் தேதியிட்டு, நடந்தது நடந்தபடியே எழுதிவையுங்கள். பெஞ்சின் குளிர், டாக்டர் சொன்ன சரியான வார்த்தை, நீங்கள் என்ன ஜெபித்தீர்கள், ஜெபிக்க முடியாமல் எவ்வளவு நேரம் வெறுமனே உட்கார்ந்திருந்தீர்கள், தோளில் உணர்ந்தது வலப்பக்கமா இடப்பக்கமா, தெரியாவிட்டால் தெரியவில்லை என்று. இனி எப்போது சொன்னாலும் அந்தத் தாளுக்கு மேலே ஒரு வார்த்தையும் கூட்டாதீர்கள். இயேசு பார்வை கொடுத்த பிறவிக் குருடனை யூத மதத் தலைவர்களான பரிசேயர்கள் குறுக்கு விசாரணை செய்தபோது, இயேசு பாவியோ அல்லவோ என்பதைப் பற்றி அவன் பெரிய வாதம் எதையும் தொடங்கவில்லை. “நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்” என்றான். தனக்குத் தெரிந்த எல்லையில் அவன் நின்றதால்தான் அவனை அவர்களால் அசைக்க முடியவில்லை.

வார்டைப் பற்றி நான் கண்டிப்பாகவே சொல்லவேண்டியிருக்கிறது. டயாலிசிஸ் நோயாளி ஒருவர் ஏறத்தாழ நான்கு மணி நேரம் மெஷினோடு இணைக்கப்பட்டுக் கிடக்கிறார். கையில் இரண்டு ஊசிகள். அவரால் எழுந்து போக முடியாது. உங்கள் அக்காவுக்காவது எழுந்து உள்ளே போகும் வாய்ப்பு இருந்தது. இந்த நோயாளிக்கு அதுவும் இல்லை. இன்னும் இரண்டு நாளில் மறுபடியும் உங்கள் கையில்தான் அவர் தம் கையை நீட்டவேண்டும் என்பதால், கேட்கப் பிடிக்காவிட்டாலும் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலைச் சுவிசேஷத்துக்குக் கிடைத்த வரவேற்பு என்று நினைக்கக் கூடாது. உலகத் திருச்சபைகள் மாமன்றமும், வத்திக்கானின் பல்சமய உரையாடல் மன்றமும், உலக நற்செய்திக் கூட்டணியும் சேர்ந்து 2011-ல் வெளியிட்ட கிறிஸ்தவச் சாட்சிக்கான நெறிமுறைகளில், குணமாக்கும் பணியில் ஈடுபடுவோர் மக்களின் பலவீனத்தையும் சுகத்துக்கான ஏக்கத்தையும் தங்கள் நோக்கத்துக்குப் பயன்படுத்திவிடக் கூடாது என்று தெளிவாகவே சொல்லப்பட்டிருக்கிறது. கத்தோலிக்கரும், சீர்திருத்தச் சபையாரும், சுவிசேஷ எழுப்புதல் சபையாரும் ஒன்றாகக் கையொப்பமிடுவது அரிது. இதில் ஒன்றாக நின்றார்கள். ஆகையால் பணிநேரத்தில் நீங்களாகப் பேச்சைத் தொடங்காதீர்கள். மருந்துத் தட்டில் கைப்பிரதி வைக்காதீர்கள். நோயாளியே, “சிஸ்டர், எப்படி இவ்வளவு நிதானமா இருக்கீங்க?” என்று கேட்டால், இரண்டு வாக்கியங்களில் உண்மையைச் சொல்லிவிட்டு, அவர் மேலும் கேட்கிறாரா என்று காத்திருங்கள். ஜெபிக்கச் சொன்னால், மருத்துவமனை விதிகள் இடங்கொடுக்கும் அளவுக்குள், சுருக்கமாக, அவர் சொன்ன வார்த்தைகளைக் கொண்டே ஜெபியுங்கள். வலிக்காமல் ஊசி போடுகிற கை, அவருக்கு ஏற்கெனவே ஒன்றைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது.

உங்கள் கணவரின் கவலை நியாயமானது; அதைப் பயந்தாங்கொள்ளித்தனம் என்று எண்ணிவிடாதீர்கள். அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு, மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. மதமாற்றத் தடைச் சட்டங்களைப் பற்றிய ஸ்டெயின்ஸ்லாஸ் வழக்கில் 1977-ல் உச்ச நீதிமன்றம், அந்த உரிமை தன் மதக் கோட்பாடுகளை எடுத்துரைப்பதற்கான உரிமையே தவிர, இன்னொருவரை மதம் மாற்றுவதற்கான உரிமை அல்ல என்று விளக்கியது. நடந்ததை நடந்தபடி ஒரு நண்பரிடம் சொல்வதைச் சட்டம் தடுக்கவில்லை. பணியிடத்து ஒழுங்கு வேறு. அதை மீறினால் வேலைக்கே கேடு வரலாம், அப்போது நஷ்டப்படுவது உங்கள் குடும்பம்.

இனி, இரத்தப்பழி. ஜெபக்குழுத் தலைவி அன்போடுதான் எச்சரித்திருப்பார். ஆனால் வேதாகமத்தின் எசேக்கியேல் புத்தகத்தில் அந்த வார்த்தை வருகிற இடத்தை வாசித்தால், காவற்காரனாக வைக்கப்பட்டவன் எச்சரிக்கவேண்டியது அந்நியரை அல்ல, உடன்படிக்கைக்குள் இருந்துகொண்டே துன்மார்க்கமாய் நடந்த தன் சொந்த ஜனமாகிய இஸ்ரவேல் வீட்டாரையே என்பது தெரியும். பிள்ளையைப் புதைத்துவிட்டு நான்கு வருடமாகத் தவிக்கும் ஒரு தாயை நோக்கி அந்த வசனத்தைத் திருப்புவதற்கு எனக்குத் துணிவில்லை. பயத்தினால் சொல்லப்படும் சாட்சியில் பயம்தான் கேட்கிறவருக்குப் போய்ச் சேரும். பேதுரு எழுதும்போதும், நம்முடைய நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிறவர்களுக்கு, சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்றே எழுதுகிறார். கேட்கிறவர் ஒருவர் இருக்கவேண்டும். ஒருவர் நம்மிடம் கேட்கவேண்டுமானால், கேட்கலாம் என்று தோன்றும் அளவுக்கு நாம் அவருக்கு நெருக்கமாக இருக்கவேண்டும்.

பிறரைக் கிறிஸ்துவிடம் கொண்டுவருவதற்கு நம் சபைகளில் ‘ஆத்தும ஆதாயம்’ என்று ஒரு சொல் புழங்குகிறது. நல்ல நோக்கத்தோடு வந்த சொல்தான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரை ஆதாயக் கணக்கில் பார்க்கத் தொடங்கினால், அவர் நமக்கு நண்பராக இருக்க முடியாமல் போகிறது என்பதை உங்கள் பகுதியைச் சேர்ந்த ஒருவரே உலகத்துக்குச் சொன்னார். வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்து, பின்னர் 1912-ல் தோர்ணக்கல் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1910-ல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில், மேல்நாட்டு மிஷனரிகளின் தியாகங்களையெல்லாம் நன்றியோடு ஒப்புக்கொண்டுவிட்டு, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். பொருளும் உயிரும் கொடுத்தவர்களிடமே அவர் அதைக் கேட்க நேர்ந்தது. இந்துவாகிய உங்கள் அக்கா இன்று உங்களிடம் வேறொன்றும் கேட்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

அவரிடம் போங்கள். கையில் பைபிளும் கைப்பிரதியும் இல்லாமல், வீட்டில் வேறு ஆட்கள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். “அக்கா, அன்னைக்கு நான் பேசினது உங்கள எவ்வளவு நோகடிச்சிருக்கும்னு இப்பத்தான் எனக்குத் தெரியுது. உங்க பிள்ளைய நெனச்சுப் பாக்காமப் பேசிட்டேன். மன்னிச்சிருங்க” என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடுங்கள். ‘ஆனா’ என்று அடுத்த வாக்கியத்தைத் தொடங்கவே வேண்டாம். அவர் அழுதால் சமாதானம் சொல்லி அடக்காதீர்கள். கோபப்பட்டால் கேட்டுக்கொள்ளுங்கள். ‘எல்லாம் கடவுள் சித்தம்’ என்கிற வார்த்தை எக்காரணம் கொண்டும் உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது. கதவைத் திறக்காவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் போகலாம். பிள்ளைகளையெல்லாம் பறிகொடுத்த யோபின் நண்பர்கள் பிற்பாடு எவ்வளவோ தவறாகப் பேசினார்கள். ஆனால் முதல் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு நாளில் அவர்கள்மேல் யாரும் குறை சொல்ல முடியாது.

அந்தப் பையனின் பெயரைச் சொல்லி அவனைப் பற்றிக் கேளுங்கள். உங்கள் கடிதத்தில் அவனுடைய பெயர் இல்லை. பெயர்களை எழுதவேண்டாம் என்று விட்டிருப்பீர்கள், ஆனால் நேரில் சொல்லுங்கள். பிள்ளையை இழந்த பெற்றோரிடம் ஊரார் ஓராண்டுக்குள் அந்தப் பெயரைச் சொல்வதையே நிறுத்திவிடுகிறார்கள், மனம் நோகுமே என்று. அந்தப் பெயரை இன்னொரு வாய் சொல்லிக் கேட்கவே அவர்கள் ஏங்கிக் கிடப்பதை நான் வார்டு வார்டாகப் பார்த்திருக்கிறேன். இந்த நான்கு வருடத்தைத் தாண்டவைத்தது எது என்று அவர் சொல்ல முன்வந்தால், அது செவ்வாய்க்கிழமை விரதமாக இருந்தாலும், குலதெய்வக் கோயிலாக இருந்தாலும், திருத்தாமல் கேளுங்கள். தரங்கம்பாடியில் 1706-ல் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு பிரசங்கம் செய்ததோடு நிற்கவில்லை. உடன் ஊழியர் கிரண்ட்லரோடு சேர்ந்து தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பி, அவர்கள் எழுதித் தந்த பதில்களை வாங்கி மொழிபெயர்த்து ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பினார். அப்படி 99 கடிதங்கள் அங்கே அச்சாயின. உங்களுக்கு ஒரே ஒரு அக்காதான். அவரோ எழுதித் தரவேண்டியதும் இல்லை, சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறார்.

அவர் ஒருநாள், மாதங்கள் கழித்தோ வருடங்கள் கழித்தோ, உன் பையனுக்கு அன்றைக்கு என்னதான் நடந்தது என்று தாமாகவே கேட்கக்கூடும். கேட்காமலும் போகலாம், கேட்பதற்காக நீங்கள் காத்திருப்பதுபோல் நடந்துகொண்டால் அது அவருக்குத் தெரிந்துவிடும். கேட்டால், நோட்டில் எழுதியதைச் சொல்லுங்கள். டாக்டரைப் பற்றியும், டிரிப்ஸ் பார்த்த செவிலியரைப் பற்றியும், தோளில் உணர்ந்ததைப் பற்றியும் சொல்லுங்கள். பிறகு, உங்கள் பிள்ளைக்கு ஏன் அப்படி நடந்தது என்று எனக்குத் தெரியாது, அதை நான் ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்றும் சொல்லுங்கள். அப்படிச் சொல்வதற்கு, உண்மையாகவே அதை அவரிடம் கேட்டிருக்கவேண்டும். இன்றிரவிலிருந்து கேளுங்கள்.

அடுத்த மாதம் நினைவு நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். டியூட்டி ரோஸ்டர் போடுவதற்கு முன்பே அன்றைக்கு லீவு சொல்லிவிடுங்கள். அவர்கள் வீட்டில் படையல் போடுவார்கள், உறவினர் வருவார்கள், வேலை நிறைய இருக்கும். காலையிலேயே போய், சமையலுக்குக் காய் நறுக்கித் தரட்டுமா என்று கேளுங்கள்.